அல்சூர்ப் பறை வகுப்பு: அடிகளோடு அதன் வரலாறும் வேண்டும்

பெங்களூரில் பறை முழங்காத பொங்கல் விழா இப்போது அரிதாகிவிட்டது. ஒயிட்ஃபீல்டின் அடுக்கக வளாகங்களில்கூடக் கறுப்புச் சட்டையும் சலங்கையுமாக ஒரு குழு வந்து இறங்குகிறது. பார்த்த பிள்ளைகள் தாங்களும் கற்க வேண்டுமென்று கேட்க, ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள் பல தொடங்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் அல்சூர் ஏரிக்கு அருகே, ஒரு பழைய கட்டடத்தின் மொட்டை மாடியில் நடக்கும் வகுப்பில் அடிப்படைப் பயிற்சியை முடித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். விளம்பரம் வேண்டாமென்று நடத்துபவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயரைக் குறிப்பிடவில்லை. பக்கத்துத் தெருக்களில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

கற்பிக்கும் முறையில் குறை சொல்ல ஏதுமில்லை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஆசான், முதல் சில வாரங்களுக்குப் பறையைக் கையிலேயே கொடுப்பதில்லை. குட்டையும் தடிமனுமான அடிக்குச்சியையும், நீண்டு மெலிந்த மூங்கில் சிண்டுக்குச்சியையும் கொடுத்து, அடியின் ஒலிகளைச் சொற்களாக அமைத்த சொற்கட்டை வாயால் சொல்லிக்கொண்டே தொடையில் தட்டப் பழக்குகிறார். சொல் தவறினால் கை தவறும் என்பதை அதற்குள்ளாகவே உடம்பு உணர்ந்துவிடுகிறது. அதன் பிறகுதான் பறையைத் தோளில் மாட்டிக்கொள்ள விடுகிறார். அடியும் அடவும் ஒன்றாகத் தொடங்குகின்றன. நின்ற இடத்தில் பிசகாமல் அடிப்பவர்கள் கால் எடுத்து வைத்ததும் தடுமாறுகிறார்கள். ஆசான் அதற்காக யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. எதிரில் வந்து நின்று, தானும் அதே வேகத்திற்கு இறங்கி, நாம் பிடித்துக்கொள்ளும் வரை அடித்துக் காட்டுகிறார்.

வகுப்பைப் பற்றிப் பலரும் எழுப்பும் ஐயம் ஃபைபர் பறை குறித்தது. வேப்பமரத் துண்டுகள் மூன்றை வளையமாகச் சேர்த்து, மாட்டுத்தோலை இழுத்து ஒட்டிச் செய்வதே மரபான பறை. இங்கே தொடக்க மாணவர்களுக்கு இரும்பு வளையத்தில் ஃபைபர் பொருத்திய பறையே தரப்படுகிறது. இது அசல் அல்ல என்று சிலர் முதல் நாளே திரும்பிப் போனதைப் பார்த்தேன். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காற்றின் ஈரத்தை வாங்கித் தோல் தளர்ந்துவிடும். தீயில் காட்டினால் ஈரம் வற்றி இறுகி, ஒலி மேலேறும். பெங்களூரின் தூறலில், அண்டை வீட்டாரின் முறைப்புக்கு நடுவே, மாடியில் அத்தனை பேருக்கும் தீ மூட்டுவது நடக்கிற காரியம் அல்ல. எனினும் ஆசான் தமது தோல்பறையை ஒவ்வொரு முறையும் காய்ச்சியே எடுக்கிறார். ஒரு நாள் அதைத் தீயில் காட்டும் வேலையை என்னிடம் கொடுத்தார். காய்ந்த தென்னை ஓலையும் பழைய செய்தித்தாளும் எரிய, வளையத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தேன். அவர் நடுவிரலால் ஓரத்தில் ஒரு சுண்டு சுண்டிவிட்டு, “இன்னும் ரெண்டு நிமிசம் காட்டு தம்பி, இந்த ஓரம் இன்னும் தூங்குது” என்றார். எனக்கு எல்லாப் பக்கமும் ஒன்றாகவே ஒலித்தது. அந்தக் காது வாய்க்க ஆண்டுகள் ஆகும். ஃபைபரில் பழகத் தொடங்கியவருக்கும் அது கைகூடாததல்ல.

என் மனக்குறை வேறொன்று. வகுப்பின் சுவரொட்டியில் ஈராயிரம் ஆண்டுத் தமிழர் இசை என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். அதில் பொய்யில்லை. ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் தொல்காப்பியம் சேர்த்திருக்கிறது. ஒரு வீட்டில் சாவுக்குரிய நெய்தற்பறை ஒலிக்க, இன்னொரு வீட்டில் மணமுழவு முழங்குவதைப் புறநானூற்றின் 194ஆம் பாடல் காட்டுகிறது. ஆனால் அந்தப் பாடலுக்கும் இன்றைய மேடைக்கும் இடையில், இந்தக் கருவியை அடித்ததற்காகவே இழிவு சுமத்தப்பட்ட மக்களின் நெடிய காலம் இருக்கிறது. சுவரொட்டியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை; பாடத்திட்டத்திலும் இல்லை.

சாவு வீட்டு அடியை ஏன் சொல்லித் தருவதில்லை என்று கல்லூரி மாணவி ஒருத்தி கேட்டபோதுதான் ஆசான் பேசினார். ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கூலியைப் பற்றிப் பேசாமல் போய் அடிக்க வேண்டும் என்ற கட்டாயம் தம் தந்தையின் தலைமுறை வரை இருந்ததையும், இனி அடிக்க மாட்டோம் என்று அவர்கள் பறையை இறக்கி வைத்ததையும், அதன் பின்னரே அதே பறையைத் தாமே விரும்பி மேடைக்கு எடுத்துச் சென்றதையும் நிதானமாகச் சொன்னார். ஆகவே அந்த அடியை விட்டது மறதியால் அன்று, மானத்தை முன்னிட்டு எடுத்த முடிவு. அதை நான் முழு மனதோடு மதிக்கிறேன். அந்த மாணவி கேட்காமல் இருந்திருந்தால் எங்கள் அணி முழுவதும் இதை அறியாமலே, வீரமும் தொன்மையும் மட்டுமே பறை என்ற எண்ணத்தோடு வெளியேறியிருக்கும். மதுரையின் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதன் பெருமையைக்கூட இந்த வரலாறு தெரிந்தவரால்தான் முழுமையாக உணர முடியும். முதல் மாதத்திலேயே ஒரு ஞாயிற்றை ஆசானின் பேச்சுக்கென்று ஒதுக்க வேண்டும் என்று நடத்துபவர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் அணியில் சிக்கபள்ளாபுரத்தைச் சேர்ந்த கன்னட இளைஞர் ஒருவர் இருந்தார். தம் ஊர்ப் பக்கத்தில் அடிக்கும் தமட்டெயும் இதைப் போன்றதே என்றும், அதையும் தீயில் காய்ச்சியே எடுப்பார்கள் என்றும், அடிப்பவர்களும் அங்கே ஒடுக்கப்பட்ட மக்களே என்றும் அவர் சொன்னார். அதே மாவட்டத்தின் தமட்டெக் கலைஞர் முனிவெங்கடப்பாவுக்கு 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பெங்களூர்த் தமிழர் பறையைத் தம் அடையாளமாக ஏந்தும்போது, ஐம்பது அறுபது கிலோமீட்டர் தொலைவில் அதே இழிவைச் சுமந்த இன்னொரு கருவி இருப்பதை அறிந்திருக்க வேண்டாமா? பறைக்கு இதனால் எந்தக் குறைவும் வந்துவிடாது.

கட்டணம் நியாயமானது, வகுப்பு நேரத்தில் பறைக்குத் தனி வாடகை இல்லை. மாடியில் கூரை போதாததால் மழை வந்தால் வகுப்பு கலைந்துவிடுகிறது. வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கடினம், மெட்ரோவில் வருவதே நல்லது. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பறையின் எடை தோளை இழுக்கும். மேடையேறிப் படம் எடுத்துக்கொள்ளும் அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஆசானின் பொறுமை சலிப்பூட்டலாம். மற்ற எவருக்கும் இந்த வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தை மாதத்திற்குப் பிறகு அடுத்த அணி தொடங்குகிறது. அதில் ஒரு நாளாவது தமட்டெக் கலைஞர் ஒருவரை அழைத்து, ஆசானோடு சேர்ந்து அடிக்கச் செய்யுமாறு நடத்துபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்; அவருக்கான வழிச்செலவை எங்கள் அணியினரே ஏற்றுக்கொள்ளச் சம்மதித்திருக்கிறோம்.