தருமபுரியில் அப்பா திதிச் சாப்பாடும், நான் எதிர்பார்க்காத ஓர் அரசு அலுவலகமும்

கனடாவிலிருந்து ஊருக்கு வந்தால் அப்பா திதிக்கு ஏதாவது ஒரு குழந்தைகள் இல்லத்தில் மதியச் சாப்பாடு போடுவது எங்கள் வீட்டு வழக்கம். உங்களில் பலர் வீட்டிலும் இது உண்டு, நடைமுறை தெரிந்ததுதான். இந்த முறை தருமபுரிக்குப் பக்கத்தில் ஓர் இல்லம். பெயர் வேண்டாம். அங்கே பார்த்ததை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

இலை போட்டு, சோறு, சாம்பார், பாயசம் எல்லாம் வைத்தாயிற்று. பிள்ளைகளும் உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் சாப்பிடக் கூடாது. முதலில் பிரார்த்தனைப் பாட்டு. அப்புறம் அப்பா போட்டோவை நடுவில் வைத்து, அவர் பெயரைச் சொல்லி எல்லோரும் கைகூப்ப வேண்டும். அப்புறம் எனக்கு நன்றி சொல்லி இன்னொரு பாட்டு. நடுவில் போட்டோ எடுக்கிறவர் வெளிச்சம் சரியில்லை என்று ஒரு வரிசையையே எழுப்பி இடம் மாற்றினார். முன்வரிசையில் ஆறேழு வயசுப் பையன் ஒருவன் ஒரு கையை மெல்ல இறக்கி, அப்பளத்தின் ஓரத்தை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டான். பின்னால் நின்ற, இல்லத்தில் வேலைபார்க்கும் அம்மா ஒரு அதட்டல் போட்டார். அவன் மறுபடி கைகூப்பினான். வாயில் அப்பளத் துண்டு, மெல்லவும் இல்லை, முழுங்கவும் இல்லை.

“முதல்ல சாப்பிடட்டுமே” என்றேன். “பழக்கம்தான் சார். டோனர் வந்தா என்ன செய்யணும்னு அவங்களுக்கே தெரியும்” என்றார் பொறுப்பாளர். அந்தப் பதிலைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. பாயசத்தில் ஏடு கட்டிவிட்டிருந்தது.

டொராண்டோவில் என் மகளின் வகுப்போடு ஒருநாள் சுற்றுலாவுக்குத் துணையாகப் போக, போலீஸ் சரிபார்ப்புச் சான்று கொண்டுவா என்றார்கள். பெற்ற அப்பனுக்கே அந்தக் கெடுபிடி. இங்கே நான் யார், எவர் என்று ஒரு கேள்வி இல்லை. பிள்ளைகளைத் தோளோடு அணைத்துப் போட்டோ எடுக்கச் சொல்கிறார்கள், வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் படத்தையோ பெயரையோ ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 74ஆம் பிரிவு இருக்கிறது. இல்லம் நடத்துகிறவர்களுக்கு இது தெரியாதா?

கிளம்பும்போது, மாதாமாதம் ஒரு பிள்ளையை ஸ்பான்சர் செய்யுங்கள், கேஷாகக் கொடுத்தால் போதும் என்றார்கள். நான் கனடாக் குடிமகன். ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும் என் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். அந்த இல்லம் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வைத்திருந்தால்தான் வாங்கலாம், அதுவும் டெல்லி ஸ்டேட் வங்கியில் இதற்கென உள்ள கணக்கு வழியாக. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பதிவு எண்ணைக் கேட்டேன். பேச்சு அதோடு நின்றுவிட்டது.

அங்கே விசாரித்ததில் பல பிள்ளைகளுக்கு அம்மா இருக்கிறார். பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலை. இதைக் கேட்டதும் பென்னாகரம் பக்கம் சித்தி வீட்டுக்கு எதிரே இருக்கும் ஆயா ஞாபகம் வந்தார். மகன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் இறந்துவிட்டான். மருமகளும் அங்கேயே சித்தாள். பேரப்பிள்ளைகள் இரண்டும் ஆயாவிடம். “ஹோம்ல வுட்டுடச் சொல்றாங்க சாமி. மூணு வேள சோறாவது கெடைக்கும்ல” என்றார். சின்னவள் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கனடாவில் பதினெட்டு வயது வரை பிள்ளைக்கான அரசு உதவித்தொகை மாதாமாதம் பெரும்பாலும் அம்மாவின் கணக்குக்கே வந்துவிடும். இங்கே அப்படி எதுவும் இருக்காது என்றுதான் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போனேன். நம் ஊர் அரசு அலுவலகம், சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். நாளைக்கு வாங்க என்பார்கள் என்று நினைத்தேன். அங்கிருந்த பெண் அலுவலர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். டிபன் பாக்ஸை ஓரமாக நகர்த்திவிட்டு, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளின் பின்பக்கம் தன் கையாலேயே எழுதினார்: ஆதார், ரேஷன் கார்டு, அப்பாவின் இறப்புச் சான்று, வருமானச் சான்று, பள்ளிக்கூடத்தில் படிப்புச் சான்று, வங்கி பாஸ்புக்.

குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசுத் திட்டமான மிஷன் வத்சல்யாவில் நிதி ஆதரவு என்று ஒன்று இருக்கிறது. அப்பா இல்லாத பிள்ளை, பெற்றோர் இருவரும் இல்லாமல் சொந்தக்காரர் வீட்டில் வளரும் பிள்ளை, பெற்றோர் தீராத நோயில் கிடக்கும் பிள்ளை ஆகியோருக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போக வேண்டும். இது போக, தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக்கரங்கள்’ திட்டத்தில் மாதம் 2,000. எதற்குத் தகுதி என்று பார்த்துச் சொல்வதாக அந்த அலுவலர் சொன்னார். காப்பகம் என்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, அதனால் ஆயாவிடம் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார். வளர்க்க முடியாத பெண் குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் விரிவான மாவட்டங்களில் ஒன்று எங்கள் தருமபுரி. அதே ஊரில், பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வழி சொல்லும் ஒரு அரசு அலுவலரைப் பார்த்ததில் அவ்வளவு நிறைவு.

மகன் இறந்தது பெங்களூரில் என்பதால் இறப்புச் சான்றும் அங்கேதான் வாங்க வேண்டும். யாரும் வாங்கவே இல்லை. விண்ணப்பம் அதில்தான் நிற்கிறது. திதிச் சாப்பாட்டுக்கு அடுத்த வருஷம் ஒதுக்கியிருந்த பணத்தில் சித்தி மகன் பெங்களூர் போய்வரவும், ஆயாவோடு இ-சேவை மையத்துக்கு அலையவும் ஏற்பாடு செய்திருக்கிறேன். ஏரியூர், பாலக்கோடு, அரூர் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள், இப்படித் தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் தெருவில் இருக்கிறார்களா என்று போன் போட்டுக் கேளுங்கள். அலுவலகம் தெரியவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொன்னாலும் போதும்.