முதல் வீடு: அபார்ட்மென்ட்டா, மனை வாங்கிக் கட்டுவதா?

மதுரையில் முதல் வீட்டுக்குப் பணம் சேர்ப்பவர்கள் பலருக்கும் இதே குழப்பம்தான்: எஸ்.எஸ். காலனி பக்கம் அபார்ட்மென்ட் வாங்கவா, ஊமச்சிகுளம் பக்கம் மனை வாங்கிக் கட்டவா?

பத்திரச் செலவு
அபார்ட்மென்ட்: புது வீடு, 50 லட்சத்துக்குள் என்றால் முத்திரைத்தீர்வை 4%, பதிவுக் கட்டணம் 2%.
மனை: 7%, அப்புறம் 2%. ஆனால் இது மனை மதிப்புக்கு மட்டும்தான்.

கடன்
அபார்ட்மென்ட்: கடன் 30 லட்சத்தைத் தாண்டினால் விலையில் 80%க்கு மேல் வங்கி தராது. மீதியும் பத்திரச் செலவும் கையில் இருக்க வேண்டும்.
மனை: கட்டுமானக் கடன் அஸ்திவாரம், கான்கிரீட் என்று கட்டம் கட்டமாக வரும். குடியேறும் வரை வாடகையும் வட்டியும் சேர்ந்தே ஓடும்.

நிலம்
அபார்ட்மென்ட்: பிரிக்கப்படாத பங்கு மட்டும், அதாவது எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவான நிலத்தில் உங்கள் பங்கு. எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பாருங்கள்.
மனை: முழுதும் உங்களுடையது. ஆனால் தயவுசெய்து சித்திரை வெயிலில் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கண்மாய் ஓரத்து மனைகள் அப்போது கட்டாந்தரையாகத்தான் தெரியும். ஐப்பசி மழைக்கு மறுநாள் போய் நின்றால் செருப்பு புதையும். பக்கத்து வீட்டு போர் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள், உப்பு தெரிந்துவிடும். பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் அதில் தெரியும்), டி.டி.சி.பி. எனும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் மூன்றும் வேண்டும்.

இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், உடனே குடியேற வேண்டும் என்றால் அபார்ட்மென்ட் சரி. அப்பா அம்மா கூட இருக்கிறார்கள், பின்னால் மாடி எடுக்கும் எண்ணம், இரண்டு வருடம் பொறுக்க முடியும் என்றால் மனைதான்.