பேங்காக்கில் மலிவாகச் சாப்பிட: ஆக்கி வைத்த கடையா, கேட்டதும் ஆக்கித் தரும் கடையா?

பேங்காக்கில் 100 பாட் (தாய்லாந்து நாணயம்) செலவுக்குள் ஒருவேளைச் சாப்பாட்டை முடிக்க மூன்று இடங்கள் உண்டு. குழம்பும் வறுவலும் சமைத்து வரிசையாக வைத்திருக்கும் காவ் கேங் கடை, கேட்ட பிறகு அடுப்பில் வைக்கும் தாம் சங் கடை, மாலுக்குள் இருக்கும் ஃபுட் கோர்ட். மூன்றிலும் சாப்பிட்டுவிட்டு நான் தாம் சங் பக்கம் சாய்ந்துவிட்டேன். தாய் உணவை முதல்முறை சாப்பிடப் போகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

ஃபுட் கோர்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏசி உண்டு, படம் போட்ட மெனு உண்டு. பல இடங்களில் ஒரு கார்டில் பணம் ஏற்றிக்கொண்டு, மிச்சத்தைக் கிளம்பும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நகரின் அசோக் பகுதியில் டெர்மினல் 21 மாலுக்குள் இருக்கும் பியர் 21 உண்மையிலேயே மலிவு. வெயிலில் அலைந்து களைத்த நாளுக்கு அது போதும்.

காவ் கேங் கடையில் பேச்சே தேவையில்லை. பிடித்ததை விரலால் காட்டினால் சோற்றின் மேல் ஊற்றித் தந்துவிடுவார்கள். மூன்றில் விலையும் பெரும்பாலும் இங்கேதான் குறைவு. ஆனால் காலையில் ஆக்கியதுதான் மதியம்வரை இருக்கும். காலையிலேயே போனால் அருமை. பிற்பகலில் குழம்பு ஆறிப்போயிருக்கும், நல்லவை தீர்ந்திருக்கும்.

என்னைத் தாம் சங் பக்கம் இழுத்தது ருசிகூட இல்லை. தட்டில் என்ன விழ வேண்டும் என்பதை நாம் சொல்ல முடிகிறது, அதுதான். பச்சைக் குழம்போ சிவப்புக் குழம்போ, அதற்கு அரைக்கும் மசாலாவிலேயே பெரும்பாலும் இறால் விழுது சேர்ந்துவிடும். பிறகு மீன் சாஸ், மிளகாய். பன்றி இறைச்சி சாப்பிடாதவர், இறால் பிடிக்காதவர், காரம் தாங்காத குழந்தையோடு வந்தவர் யாராக இருந்தாலும், வெந்து முடிந்த குழம்பிலிருந்து எதையும் எடுக்க முடியாது. தாம் சங் கடையிலோ வாணலியில் எண்ணெய் காயும்போதே சொல்லிவிடலாம். கோழி வேண்டுமென்றால் 'கை', பன்றி என்றால் 'மூ', காரம் வேண்டாமென்றால் 'மாய் பெட்'. மீன் சாஸைக்கூடச் சேர்க்க வேண்டாமென்று சொல்லலாம். 'மாய் பெட்' என்ற பிறகும் ஒன்றிரண்டு மிளகாய் வந்து விழுவதுண்டு, அதற்குத் தயாராக இருங்கள். காரம் போதாவிட்டால் மேசையில் மிளகாய்த்தூளும் மிளகாய் போட்ட மீன் சாஸும் இருக்கும். கூட்டிக்கொள்ள வழி இருக்கிறது, குறைக்கத்தான் இல்லை. அதனால் முதலில் குறைவாகவே கேளுங்கள்.

எதைக் கேட்பது? பட் கப்ராவ். கப்ராவ் என்பது துளசிதான். பூண்டும் மிளகாயும் வதங்கி, இறைச்சி வெந்து, கடைசியில் அந்த இலை விழும்போது கிளம்பும் மணம் தெருமுனைவரை வரும். அது தட்டுக்கு வந்த சில நிமிடங்களில் அடங்கிவிடும். முன்கூட்டியே ஆக்கி வைக்கும் கடையில் அதே பதார்த்தம் சுமாராகத் தெரிவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் 50 முதல் 70 பாட். மேலே ஒரு பொரித்த முட்டை, 'காய் டாவ்', இன்னும் 10 பாட் அளவில். ஓரம் மொறுமொறுவென்று, மஞ்சள் கரு இளகலாக இருக்கும். அதை உடைத்துச் சோற்றோடு பிசைந்து சாப்பிடுங்கள். முட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள்!

குறைகளும் உண்டு. மதியம் அலுவலகக் கூட்டம் வந்துவிட்டால் ஒரே ஆள் சமைக்கும் கடையில் காத்திருக்கத்தான் வேண்டும். மெனு தாய் எழுத்தில் மட்டும் இருக்கலாம். 1000 பாட் நோட்டை நீட்டினால் சில்லறைக்குத் திண்டாடுவார்கள். 20, 50, 100 நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சுத்த சைவம் என்றால்? இங்கே தாம் சங் கடையைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அதே வாணலி, அதே கரண்டி, சிப்பி சாஸும் கை பழக்கத்தில் விழுந்துவிடும். மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்துப் போட்ட 'ஜே' பலகை உள்ள கடைக்குப் போங்கள். அங்கே இறைச்சி, மீன், முட்டை எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை. தெற்குத் தாய்லாந்துக் குழம்புக் கடைகளில் நான் அதிகம் சாப்பிட்டதில்லை. ஆகவே காவ் கேங் பற்றி மேலே சொன்னதைப் பேங்காக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.