கேப்சூல் இன்ஹேலரா, பம்ப்பா? ஈரத்தை வைத்து எடுத்த முடிவு

போன கார்த்திகையில் அம்மாவின் இன்ஹேலரை மாற்றினோம். நான்கு வருடமாகக் கேப்சூல் போட்டு இழுக்கும் வகையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். இப்போது அமுக்கினால் மருந்தைப் பீய்ச்சும் பம்ப்பும், அதன் வாயில் பொருத்தி மூச்சை இழுக்கும் பிளாஸ்டிக் குடுவையான ஸ்பேசரும். நான் பி.ஃபார்ம் படித்தவன். படிப்பு முடிந்ததும் பம்ப் இன்ஹேலர் நிரப்பும் ஆலை ஒன்றில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன், அப்புறம் திருவாரூரில் மருந்துக் கடை. "ரெண்டுல எது சார் நல்லது?" என்று கேட்காத வாரமே கிடையாது. என் சாய்வு பம்ப் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாக முடித்துவிடலாம். கேப்சூல் மலிவு. கருவியை ஒருமுறை வாங்கிவிட்டால் பிறகு மருந்துக்கு மட்டும்தான் காசு. உள்ளே மருந்து மிச்சமிருக்கிறதா என்று கேப்சூலைப் பார்த்தாலே தெரியும். பம்ப்பில் அமுக்குவதும் மூச்சை இழுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், பலருக்கு அது கைகூடாது. ஸ்பேசர் வைத்தால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் பம்ப் சட்டைப் பையில் அடங்கும், ஸ்பேசர் அடங்காது. சரி.

உள்ளே இருப்பதைப் பார்ப்போம். மருந்து நுரையீரலின் சின்னக் குழாய்கள் வரை போக வேண்டுமென்றால் துகள் 1 முதல் 5 மைக்ரான் அளவில் இருக்க வேண்டும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இதைவிடப் பெரிய துகள் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். இவ்வளவு பொடியாக அரைத்த மருந்தை அளந்து கொடுப்பது லேசான வேலை இல்லை. கொட்டினால் விழாது, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். இரண்டு வகை இன்ஹேலரும் இந்த ஒரே தொல்லைக்குக் கண்ட இரண்டு வழிகள்தான்.

கேப்சூல் வகையில் மருந்தை லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையின் மேல் ஏற்றிவிடுகிறார்கள். இளைப்புக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால் கேப்சூலில் மருந்து 200 மைக்ரோகிராம். கேப்சூலுக்குள் இருப்பதோ சுமார் 25 மில்லிகிராம் பொடி. கண்ணுக்குத் தெரிவது கிட்டத்தட்ட முழுக்க லாக்டோஸ்தான். அதிரசத்தின் மேல் எள் ஒட்டியிருக்குமே, அதுபோலப் பெரிய லாக்டோஸ் துகளின் மேல் மருந்துத் தூள் ஒட்டியிருக்கும். நாம் இழுக்கும் மூச்சுதான் எள்ளை உதிர்க்க வேண்டும். எள் நுரையீரலுக்குப் போகும், அதிரசம் தொண்டையில் நின்றுவிடும். அதனால்தான் கேப்சூலை வேகமாகவும் ஆழமாகவும் இழுக்கச் சொல்கிறோம். இந்த வகையில் உந்துவிசை முழுக்க நோயாளியின் மூச்சு.

பம்ப்பில் அந்த வேலையை வாயு செய்கிறது. அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனம் 1956-இல் முதல் பம்ப்பைக் கொண்டுவந்தது. அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்த ஜார்ஜ் மேசனின் மகளுக்கு ஆஸ்துமா. என் மருந்து ஏன் ஸ்ப்ரே மாதிரி வரக்கூடாது என்று அந்தப் பெண் கேட்டதிலிருந்துதான் வேலை தொடங்கியதாகச் சொல்வார்கள். அன்றைய உந்துவாயு சி.எஃப்.சி. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்த பிறகு அது படிப்படியாக விலகி, பெரும்பாலான பம்ப்புகளுக்கு எச்.எஃப்.ஏ. 134ஏ வந்தது. கார் ஏசியில் ஓடும் அதே வாயுதான், மருந்துத் தரத்தில். கொதிநிலை மைனஸ் 26 டிகிரி. குப்பிக்குள் அழுத்தத்தால் திரவமாக நிற்கும். 20 டிகிரியில் அந்த அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, 30 டிகிரியில் மூன்று மடங்கு. காருக்குள் வெயிலில் வைக்காதீர்கள், காலியானாலும் நெருப்பில் போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

வாயுவை மாற்றியபோது ஒரு புதிய சிக்கல் வந்தது. துகள்கள் ஒட்டாமலிருக்க சி.எஃப்.சி.யில் கலந்துவந்த பொருட்கள் எச்.எஃப்.ஏ.வில் சரியாகக் கரையவில்லை. அதனால் பல தயாரிப்புகளில் கொஞ்சம் எத்தனால் சேர்க்கிறார்கள். சில பம்ப்புகளில் மருந்து முழுக்கக் கரைந்தே இருக்கும். சால்பியூட்டமால் போன்றவற்றில் கரையாமல் மிதக்கும், குலுக்காமல் அடித்தால் ஒரு பஃப் குறைவாகவும் அடுத்தது கூடுதலாகவும் வரும். மருந்து அலுமினியச் சுவரில் ஒட்டாமலிருக்கச் சில குப்பிகளுக்கு உள்பூச்சும் உண்டு. வால்வில் ஒரு சின்ன அறை, பொதுவாக 50 மைக்ரோலிட்டர் அளவில். ஒரு பஃப் என்பது அந்த அறை நிறையும் அளவு, அவ்வளவுதான்.

ஆலையில் நான் நின்றது வால்வைக் குப்பியின் கழுத்தில் மடக்கி இறுக்கும் இயந்திரத்தின் பக்கம். அந்த மடிப்பு கொஞ்சம் தளர்ந்தால் வாயு கசியும், அதிகம் இறுகினால் ரப்பர் வளையம் நசுங்கும். நிரப்பிய கையோடு குப்பிகள் பெட்டிக்குள் போய்விடாது. எடை போட்டு, சில வாரம் அப்படியே வைத்து, மறுபடி எடை போடுவோம். எடை குறைந்திருந்தால் கசிவு என்று ஒதுக்கிவிடுவோம். உள்ளே இருப்பது வெளியே போகாத அந்த அடைப்பு, வெளியில் இருப்பதையும் எளிதில் உள்ளே விடாது. எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதுதான்.

அம்மா இருப்பது வேதாரண்யம் பக்கம். ஐப்பசி பிறந்தால் உப்பு ஜாடியில் நீர் கசியும், தீப்பெட்டி உரசினால் பற்றாது. போன வருடம் அந்த மழையில் இளைப்பு அதிகமாகிவிட்டது. "வழக்கம்போலத்தான் இழுக்கறேன் தம்பி, ஒண்ணும் உள்ள போவல" என்று போனில் சொன்னார். நேரில் போய், எப்படிப் போட்டுக்கொள்கிறீர்கள் என்று செய்துகாட்டச் சொன்னேன். மருந்து 30 கேப்சூல் கொண்ட டப்பாவில் வருவது. மூட்டுவலியால் அந்த மூடியைத் திருகுவது அம்மாவுக்குச் சிரமம். அதனால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை எடுத்து எவர்சில்வர் டப்பி ஒன்றில் போட்டு அடுப்படி மாடத்தில் வைத்திருந்தார். ஒரு கேப்சூலை விரலில் அழுத்தினேன். மொடமொடவென்று இல்லாமல் வதங்கிய வெற்றிலைபோல அமுங்கியது. அம்மா இழுத்து முடித்ததும் கருவியைத் திறந்து, கேப்சூலின் பாதியைக் கறுப்புக் குடைத்துணியின் மேல் தட்டினேன். தூளாக விழ வேண்டியது ஈரமாவுபோலச் சின்ன உருண்டையாக விழுந்தது. மீதி ஓட்டின் உள்சுவரிலேயே அப்பியிருந்தது.

நடந்தது இதுதான். காற்றின் ஈரம் துகள்களுக்கு நடுவே மெல்லிய படலமாகப் படிந்து அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் எள் உதிராது, அதிரசத்தோடு சேர்ந்து தொண்டைக்கே போகும். ஜெலட்டின் ஓடும் ஈரத்தை வாங்கி இளகும். கருவிக்குள் முதலில் மூச்சை ஊதிவிட்டு இழுக்கிற பழக்கம் பலருக்கு உண்டு, அந்த மூச்சிலும் ஈரம்தான். டப்பாவிலேயே வைத்து இறுக மூடி, வேளைக்கு ஒன்றாக உலர்ந்த கையால் எடுத்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. ஆனால் விரல் மூட்டு வீங்கிய எழுபது வயது அம்மாவிடம், ஒரு நாளைக்கு இரண்டு முறை, வருடம் முழுக்க அந்த ஒழுங்கை எதிர்பார்க்க எனக்கு மனம் வரவில்லை. மருந்தைக் காக்கும் வேலையை உறையே செய்யட்டும். மருத்துவரிடம் கேட்டோம், அவரும் சரி என்றார்.

மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு கேப்சூலுக்கு ஒரு பஃப் என்று நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். சால்பியூட்டமால் கேப்சூலில் 200 என்றால் பம்ப்பின் ஒரு பஃப்பில் பெரும்பாலும் 100 மைக்ரோகிராம்தான். அளவை மருத்துவர் எழுதட்டும்.

பம்ப்பிலும் குறைகள் உண்டு. அதில் பெரியது, தீர்ந்துவிட்டது தெரியாமல் போவது. கடைசி பஃப் வரை அளவு சரியாக இருக்கவேண்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவே நிரப்புவார்கள். அதனால் கணக்கு முடிந்த பிறகும் 'புஸ்' என்று வரும், மருந்து குறைவாகவோ தாறுமாறாகவோ இருக்கும். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். எண் காட்டும் பம்ப் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இல்லாவிட்டால் கணக்குப் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்: 120 பஃப், காலை இரண்டு, இரவு இரண்டு என்றால் 30 நாள். புதுப் பம்ப்பையும், பல நாள் தொடாமல் வைத்திருந்ததையும், தாளில் சொல்லியிருக்கும் எண்ணிக்கைக்கு வெளியில் அடித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஸ்பேசருக்கும் கொஞ்சம் பராமரிப்பு வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த நீரில் வாரம் ஒருமுறை அலசி, துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்துத் துளியைச் சுவரே இழுத்துக்கொள்ளும். கேப்சூலோ பம்ப்போ, ஸ்டீராய்டு மருந்தென்றால் பிறகு வாய் கொப்பளித்துத் துப்புவதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு குறையை மறைக்க விரும்பவில்லை. எச்.எஃப்.ஏ. 134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவைவிட 1,300 மடங்குக்கு மேல் வீரியமானது. கேப்சூலில் அந்தக் கணக்கே இல்லை. பாதிப்பு குறைந்த உந்துவாயுக்கள் வரத் தொடங்கிவிட்டன. நம் ஊர்க் கடைகளுக்கு வரும்வரை, தேவையில்லாமல் அடித்து வீணாக்காமல் இருப்போம்.

ஒவ்வொரு வேளை மருந்தையும் தனித்தனி ஃபாயிலில் அடைத்த பொடி இன்ஹேலர்கள் உண்டு. என் ஈரப் புகார் அவற்றுக்கு இந்த அளவு பொருந்தாது. ஆனால் என் கடையில் அவை அதிகம் போவதில்லை, என் அனுபவம் நாலைந்து பேரோடு நிற்கிறது. கைக்குழந்தைகளுக்கு முகமூடி வைத்த ஸ்பேசர் பற்றியும் அப்படித்தான், குழந்தை மருத்துவரைக் கேளுங்கள். மூச்சில் வலுவுள்ள, வறண்ட ஊரில் இருக்கிற, செலவைப் பார்க்கவேண்டிய ஒருவருக்கு இன்றும் நான் கேப்சூலை வேண்டாம் என்று சொல்வதில்லை. டப்பாவை விட்டு முன்கூட்டியே எடுக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிக் கொடுக்கிறேன்.

இந்த ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தேன். உப்பு ஜாடி வழக்கம்போலக் கசிந்திருந்தது. அலசிய ஸ்பேசர் தட்டுக்கூடையில் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது. பம்ப் வந்த அட்டைப்பெட்டியின் மேல் அம்மா பேனாவால் எழுதியிருந்தார்: "ஐப்பசி 28 தீரும். 25ல் தம்பிக்குப் போன்."