வளைகுடாவில் சிக்கியவர்களை மீட்டுத் தருவதாகப் பணம் கேட்கும் நபர்: குமரி மாவட்டக் கடற்கரை ஊரார் கவனத்திற்கு

வெளிநாட்டில் சிக்கிக்கொண்டவர்களை ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பதாகச் சொல்லி, குளச்சல் வட்டாரக் கடற்கரை ஊர்களில் ஒருவர் பணம் பறித்து வருகிறார். எங்கள் குடும்பம் அவரிடம் ஏமாந்தது. அவர் இப்போதும் வீடு வீடாகச் சென்று பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்படுவதால் இதை எழுதுகிறேன்.

என் சித்தப்பா மகன் சவுதி அரேபியாவின் கத்தீப் பகுதிக்கு மீன்பிடி வேலைக்குச் சென்றான். மாதச் சம்பளம் என்று சொல்லி அனுப்பிய ஏஜென்ட்டின் பேச்சு அங்கே போனதும் பொய்யானது. பிடிபடும் மீனில் பங்குதான் கூலி என்றார்கள். டீசல், ஐஸ், சாப்பாடு என ஒவ்வொன்றுக்கும் கழித்துக்கொண்ட பிறகு கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை. நியாயம் கேட்டதற்காக, வேலையை விட்டு ஓடிப்போனதாக முதலாளி அவன்மீது அங்குள்ள அரசிடம் ‘ஹுரூப்’ என்ற புகாரைப் போட்டுவிட்டார். பாஸ்போர்ட்டையும் அவரே வைத்துக்கொண்டார். ஹுரூப் விழுந்தவர் தாமாக டிக்கெட் எடுத்து ஊர் திரும்பிவிட முடியாது என்பது வளைகுடாவில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும்.

செய்தி பரவியதும் எங்களைத் தேடி வந்த அந்த நபர், தாம் ஒரு சமூக சேவகர் என்றும், ரியாத் தூதரகத்தில் தமக்கு நேரடித் தொடர்பு உண்டு என்றும் சொன்னார். 2020 ஜூலையில் ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து ‘ஜலஷ்வா’ கப்பலில் நம் மீனவர்கள் தூத்துக்குடிக்கு வந்திறங்கியதும் தம்முடைய முயற்சியால்தான் என்றார். அது இந்தியக் கடற்படை ‘சமுத்திர சேது’ என்ற பெயரில் செய்த பணி. பிறர் பட்ட துன்பத்தையும் பிறர் செய்த உதவியையும் தம் முதலீடாக்கிக்கொள்ளும் இந்தத் துணிச்சலை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

தூதரகக் கட்டணம், அபராதம், டிக்கெட் என்று தவணை தவணையாக ஒரு லட்சத்துக்கும் மேல் வாங்கினார். சித்தி தன் வளையல்களைக் கூட்டுறவு சங்கத்தில் அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. ரசீது கேட்டபோது வாட்ஸ்அப்பில் ஒரு தாளின் படம் வந்தது: மேலே அசோகச் சின்னம், கீழே வட்ட முத்திரை, நடுவில் தம்பியின் பெயர். இந்திய பாஸ்போர்ட் எண்ணில் ஓர் எழுத்தும் ஏழு இலக்கங்களும் இருக்கும். அந்தத் தாளில் இருந்தவை ஆறு இலக்கங்கள்தான். பின்னர் அனுப்பிய டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணை விமான நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால், அப்படி ஒரு பதிவே இல்லை. அதைக் கேட்ட நாளிலிருந்து அவர் போனை எடுப்பதில்லை.

தம்பி ஊர் வந்து சேர்ந்தது வேறு வழியில். வெளியுறவு அமைச்சகம் 2015-இல் தொடங்கிய ‘மதத்’ இணையதளத்தில், வெளிநாட்டில் தவிப்பவருக்காகக் குடும்பத்தாரே ஊரிலிருந்து புகார் பதியலாம், கட்டணம் கிடையாது. பாஸ்போர்ட் நகல், இக்காமா (சவுதியில் தங்கி வேலை செய்வதற்கான அனுமதி அட்டை) நகல், முதலாளியின் பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றுடன் பதிவு செய்தோம். அதே விவரங்களை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும், சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்திலும் மனுவாகக் கொடுத்தோம். மாதங்கள் ஆயின, ஆனால் தூதரகத்தார் தம்பியை நேரடியாக அழைத்துப் பேசினார்கள், பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக அவசரச் சான்றிதழ் கொடுத்தார்கள், இந்தியச் சமூக நல நிதியிலிருந்து டிக்கெட்டும் எடுத்துத் தந்தார்கள். கையில் காசில்லாமல் தவிக்கும் இந்தியர்களுக்காகவே 2009-இல் ஏற்படுத்தப்பட்ட நிதி அது. எங்களிடம் எவரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

புதிதாகப் போகிறவர்கள் ஏஜென்ட்டின் உரிம எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உரிமம் பெற்றவரேகூடச் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். ஒப்பந்தத்தின் நகல் ஒன்று கட்டாயம் வீட்டில் இருக்கட்டும். எங்களிடம் அது இருந்திருந்தால் சம்பளப் பாக்கியையும் கேட்டுப் பெற்றிருக்க முடியும்.

அந்த நபர்மீது மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். அவரிடம் பணம் கொடுத்த வேறு குடும்பங்கள் இருந்தால், பணம் அனுப்பிய விவரத்தையும் அவர் அனுப்பிய தாள்களையும் அழித்துவிடாமல் எடுத்துக்கொண்டு வந்து அவர்களும் புகார் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பல புகார்கள் சேர்ந்தால், இது கொடுக்கல் வாங்கல் தகராறு என்று சொல்லி அவர் தப்பித்துக்கொள்ள முடியாது.