ஒரே 88, ஆனால் ஒரே கிட்னி இல்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரத்தச் சோதனைத் தாள்களோடு பசியாறக் கடையில் உட்கார்ந்திருந்தோம். அத்தைக்கு 70 வயது, முப்பது வருசம் பால்மரம் சீவிய ஒல்லி உடம்பு. அவர் மகனுக்கு 35, செம்பனைக் குலை ஏற்றி இறக்கியே தோள் திரண்டவன். இருவர் தாளிலும் கிரியேட்டினின் 88. "எனக்கும் இவனுக்கும் ஒண்ணுதானே, அப்புறம் என்ன?" என்றார் அத்தை, ரொட்டி சானாயைப் பிய்த்தபடி. (தமிழ்நாட்டுச் சொந்தக்காரரிடம் 88 என்று சொல்லிவிடாதீர்கள், பதறிப்போவார். இங்கே மைக்ரோமோல் கணக்கு, அங்கே மில்லிகிராம் கணக்கு. இது ஏறக்குறைய 1.0.)

கிரியேட்டினின் தசையில் உண்டாகும் கழிவு. தசை வற்றியவருக்கு அது ஊறுவதே குறைவு. கிட்னி தளர்ந்தாலும் எண் சாதுவாகவே நிற்கும். அதனால்தான் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து இ.ஜி.எஃப்.ஆர், அதாவது கிட்னி வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு, கணக்கிடுகிறார்கள். அதற்கென உள்ள 2021 சி.கே.டி.-எபி சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன்: மகனுக்கு 101, அத்தைக்கு 61. மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழேயே கிடந்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். அத்தை விளிம்பில் நிற்கிறார்.

அந்த 61ஐயும் அப்படியே நம்ப முடியாது. சூத்திரத்துக்கு அத்தையின் வயது தெரியும், மெலிந்த கை தெரியாது. உண்மை இன்னும் கீழே இருக்கலாம். முந்தின ராத்திரி ஆட்டுக்கறி வெளுத்துக்கட்டியிருந்தால் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியும் காட்டும்.

சிஸ்டாட்டின் சி என்று இன்னொரு ரத்தச் சோதனை உண்டு, அது தசையை அவ்வளவாகப் பார்க்காது. அத்தை மாதிரி ஆட்களுக்குத் தோது. ஆனால் விலை அதிகம், எல்லா லேப்பிலும் கிடைக்காது. தைராய்டு, ஸ்டீராய்டு மாத்திரை, சிகரெட் இவையும் அதைக் குழப்பும்.

கையில் ஒரு சோதனைக்குத்தான் காசு என்றால் நான் மூத்திரச் சோதனைக்கே போவேன். இனிப்பு நீர்க்காரர்களுக்கு (சர்க்கரை நோய்தான்) இ.ஜி.எஃப்.ஆர் இறங்குவதற்கு முன்பே பல நேரம் கிட்னியின் வடிகட்டி ஒழுகி, அல்புமின் என்ற புரதம் மூத்திரத்தில் போக ஆரம்பித்துவிடும். மூத்திரத்தின் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் அதைக் காட்டிக்கொடுக்கும். இங்கத்திய மி.கி./மில்லிமோல் கணக்கில் 3க்குக் கீழே சரி, 30ஐத் தாண்டினால் கடுமையான ஒழுகல். குச்சியை முக்கி நிறம் பார்ப்பது மலிவு, ஆனால் சின்ன ஒழுகலைத் தவறவிடும். காய்ச்சல், மூத்திரத் தொற்று, கடும் உடலுழைப்பு இருந்தாலும் எண் எகிறும். குலை ஏற்றிவிட்டு வந்த கையோடு மகன் கொடுக்கக் கூடாது. காலை முதல் மூத்திரம் நல்லது, ஏறியிருந்தால் மறுபடி பார்க்க வேண்டும்.

அத்தைக்கு இனிப்பு நீர் வந்து பன்னிரண்டு வருசம். பிளாஸ்டிக் பையில் ரத்தத் தாள்கள் கத்தையாக இருந்தன. புரட்டிப் பார்த்தேன், அல்புமின் தாள் ஒன்றுகூட இல்லை.

"அப்ப அடுத்த தேதிக்குப் போத்தலோட போகணுமா?"

"ஆமாம் அத்தை. விடிஞ்சதும் முதல்ல போறது."