டெஸ்ட் லாம்ப்பா, மல்டிமீட்டரா? செல்ஃப் எடுக்காத பழைய காரில் பழுதைத் தேடும் வழிகள்

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகவே தெரியும். அந்த நேரத்தில் வண்டியைச் சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். பேட்டரியை மாற்றுங்கள் என்பார் ஒருவர். டெஸ்ட் லாம்ப், அதாவது இரண்டு ஒயர் வைத்த சோதனை பல்பு, வைத்துப் பார்த்துவிடலாம் என்பார் எலக்ட்ரீஷியன். மல்டிமீட்டரால் அளந்து பார்க்கலாம் என்பான் படித்த உறவுக்காரப் பையன். வண்டியின் கம்ப்யூட்டரில் செருகிப் பிழையைப் படிக்கும் ஸ்கேனர் போட்டால் தெரிந்துவிடும் என்று இன்னொரு குரல் வரும். இவற்றில் எது எங்கே கைகொடுக்கும், எது எங்கே ஏமாற்றும் என்பதை எங்கள் வீட்டு வண்டியோடு மூன்று மாதம் போராடித்தான் கற்றுக்கொண்டேன்.

அது அப்பா 1996-இல் வாங்கிய சின்ன கார். கார்பரேட்டர் எஞ்சின், 35 ஆம்பியர்-மணி பேட்டரி. காலையில் ஒழுங்காக எடுக்கும். கடைத்தெருவில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் எடுக்காது. முதலில் புதிய பேட்டரி வாங்கிப் போட்டோம். இரண்டு வாரம் சிக்கலில்லை. பிறகு அதே ‘டக்’. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ்களை மாற்றினோம். பத்து நாள் ஓடியது. மீண்டும் அதே கதை.

பொருளை மாற்றிப் பார்க்கும் வழியை நான் கடைசி இடத்தில் வைப்பதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. அது பொய்யான விடை தருகிறது. பேட்டரியை மாற்றும்போது பூத்துப்போன டெர்மினலைச் சுரண்டி இறுக்குகிறோம். செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பூட்டும்போது பக்கத்திலிருக்கும் எர்த் போல்ட்டும் (மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் பாதையின் போல்ட்) அசைந்து சற்று நன்றாக உட்காருகிறது. வண்டி எடுத்ததும் புதிய பொருளால்தான் சரியானது என்று நம்பிவிடுகிறோம். உண்மையான பழுது அங்கேயே இருக்கிறது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, டெர்மினலை இறுக்கிவிட்டுப் பார்ப்பதற்கு முன் பேட்டரிக்குச் செலவு செய்ய வேண்டாம்.

ஸ்கேனரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய அம்பாசடர், பத்மினி, கார்பரேட்டர் மாருதி 800 போன்ற வண்டிகளில் அதைச் செருக இடமே கிடையாது. வண்டியே தன் பழுதைக் கண்டுபிடித்து ஸ்கேனருக்குச் சொல்லும் ஓபிடி, இந்திய விதிகளுக்குள் வந்ததே 2010-இல்தான். அதன் பின் வந்த வண்டிகளிலும் செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளின் நிலையை ஸ்கேனர் பெரும்பாலும் அறியாது. பேட்டரி தளர்ந்திருந்தால் தொடர்பில்லாத பிழைக் குறிகளை வரிசையாகக் காட்டிக் குழப்பவும் செய்யும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் எஞ்சின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரையும் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரையும் பார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் அது வேறு பழுது.

எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, ஒருவரை முன்னால் நிறுத்தி, சாவியைத் திருப்புங்கள். விளக்கு அடியோடு அணைந்துபோனால் பேட்டரி டெர்மினலைச் சந்தேகிக்கலாம். வெகுவாக மங்கினால் பேட்டரி தளர்ந்திருக்கலாம், அல்லது செல்ஃப் மோட்டார் இறுகிக் கிடக்கலாம். விளக்கு கொஞ்சமும் அசையவில்லை என்றால் செல்ஃபுக்கு மின்சாரமே போகவில்லை. சாவி சுவிட்ச், சாலினாய்டுக்குப் (செல்ஃபுக்குப் பெரிய மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்ச்) போகும் மெல்லிய ஒயர், சாலினாய்டின் உள் முனைகள் என்று அந்தப் பக்கமாகத் தேட வேண்டும். ‘டடடட’ என்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் வோல்ட் குறைவு. எந்தத் திசையில் தேடுவது என்பதை இவ்வளவு மலிவாகச் சொல்லும் சோதனை வேறில்லை.

இனி நிஜமான போட்டி, டெஸ்ட் லாம்ப்புக்கும் மல்டிமீட்டருக்கும்.

மல்டிமீட்டர் நுட்பமானது. நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரி 12.6 வோல்ட், பாதி சார்ஜில் ஏறக்குறைய 12.2. இந்த வித்தியாசத்தை லாம்ப்பின் வெளிச்சத்தில் கண்ணால் பிரித்தறிய முடியாது. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது; இதையும் மீட்டர்தான் சொல்லும். ஆனால் இந்த நுட்பமே ஓரிடத்தில் பலவீனமாகிவிடுகிறது. மீட்டர் தான் அளக்கும் ஒயரிலிருந்து மின்சாரத்தை எடுப்பதே இல்லை என்று சொல்லலாம். பச்சை பிடித்த ஃபியூஸ் ஹோல்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 20 ஓம் தடை சேர்ந்திருந்தாலும் மறுபக்கத்தில் மீட்டர் 12.4 வோல்ட் என்று காட்டும். ஒயர் சரி என்று நாம் அடுத்த இடத்துக்குப் போய்விடுவோம். அதே இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் பற்ற வைத்துச் செய்த டெஸ்ட் லாம்ப்பைத் தொட்டுப் பாருங்கள். அந்த பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் கேட்கும். ஒயரால் கொடுக்க முடியாது. இழை சிவக்கக்கூட மாட்டாது. எந்த வேலைக்காக அந்த ஒயர் இருக்கிறதோ, அந்த வேலையை லாம்ப் கேட்டுப் பார்க்கிறது. எலி கடித்த ஒயரும் உப்புக்காற்றில் அரித்த கனெக்டரும் உள்ள வண்டியில் என் கை முதலில் லாம்ப்பைத்தான் தேடும். எல்இடி டெஸ்டருக்கு இந்தக் குணம் கிடையாது. அதுவும் மீட்டரைப் போலவே துளி மின்சாரத்தில் எரிந்துவிடும்.

செல்ஃப் சுற்றியும் எஞ்சின் பிடிக்காத, பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் முனைகள்) வைத்த பழைய வண்டியிலும் லாம்ப் அழகாக வேலை செய்யும். லாம்ப்பின் ஒரு முனையை எர்த்தில் மாட்டி, மறுமுனையை ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயிலின் நெகட்டிவில் வைத்து செல்ஃப் அடித்தால் பல்பு விட்டுவிட்டு மின்ன வேண்டும். நிலையாக எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை. ஆனால் ஏர்பேக் ஒயர்களிலும் கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயர்களிலும் இந்த பல்பை வைக்கவே கூடாது. அங்கே மீட்டர் மட்டும்தான்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் எங்கள் வண்டியில் இரண்டு கருவிகளும் என்னை ஏமாற்றின. எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே பின்னிய செம்புப் பட்டை ஒன்று போகிறது. மீட்டரில் ஓம் அளவை வைத்து அதன் இரு முனைகளைத் தொட்டேன். ‘பீப்’ என்று கத்தியது, 0.3 ஓம் காட்டியது. மீட்டரின் சொந்த ஒயர்களை ஒன்றோடொன்று தொட்டாலும் அதே 0.3 வருகிறது என்பதை அன்று நான் கவனிக்கவில்லை. லாம்ப்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, மறுமுனையால் எஞ்சினைத் தொட்டேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. எர்த் நன்றாக இருக்கிறது என்று இரண்டும் சொல்லிவிட்டன. இரண்டுமே அந்தப் பட்டையிடம் மிகச் சிறிய வேலையைத்தான் கேட்டிருந்தன. செல்ஃப் மோட்டாரோ நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கிறது. நூறு ஆம்பியர் ஓடும் பாதையில் 0.03 ஓம் தடை இருந்தால் 3 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். அந்த 0.03 ஓமைச் சாதாரண மீட்டரின் ஓம் அளவில் பார்க்கவே முடியாது.

வழியைக் காட்டியது ஜம்பர் கேபிள். பக்கத்து வீட்டு அண்ணன் தன் வண்டியிலிருந்து கேபிள் போட்டார். கறுப்பு கிளிப்பை முறைப்படி எஞ்சினில் மாட்டினார். உடனே எடுத்தது. “பேட்டரிதான்” என்றார். பேட்டரிக்கு வயது இரண்டு மாதம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் தந்தது மின்சாரம் மட்டுமில்லை, எஞ்சினுக்குப் புதிதாக ஓர் எர்த் பாதையும்கூட. மறுநாள் மதிய வெயிலில் வண்டி மக்கர் செய்தபோது வேறு வண்டியை அழைக்கவில்லை. ஒரே ஒரு கறுப்புக் கேபிளை எங்கள் பேட்டரியின் நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கு நேராக மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் எடுத்தது. பொருளை மாற்றாமல் பாதையை மாற்றிப் பார்க்கும் இந்தச் சோதனையை நான் பேட்டரிக் கடைக்குப் போவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

பிறகு அதே மீட்டரால் அதே பட்டையைச் சரியாக அளந்தேன். கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக் இழுத்து, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, மீட்டரை வோல்ட்டில் வைத்தேன். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் தூணில், மறுமுனை எஞ்சினில். மகள் சாவியைத் திருப்பினாள். நல்ல எர்த்தாக இருந்தால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 5.8 காட்டியது. பாசிட்டிவ் பக்கம், தூணிலிருந்து செல்ஃபின் தடித்த போல்ட் வரை, 0.3 மட்டுமே, அங்கே அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். பேட்டரி தன் முனைகளில் 11.2 கொடுத்துக்கொண்டிருக்க, செல்ஃப் மோட்டாருக்குக் கிடைத்தது வெறும் 5 வோல்ட். மீட்டர் இருந்த அதே இரண்டு இடங்களில் லாம்ப்பை வைத்தும் பார்த்தேன். செல்ஃப் அடிக்கும்போது செம்மஞ்சளாக மங்கி எரிந்தது, எரியவே கூடாத இடத்தில். பட்டை முழுவதும் அறுந்த வண்டிகளில் இந்த மின்சாரம் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பிப் போகும். கேபிள் சூடாகிப் புகையும். அப்படிப் புகைந்தால் மீட்டரைத் தேட வேண்டியதே இல்லை.

ஆக, தடித்த கேபிள்களுக்கு, செல்ஃப் அடிக்கும்போதே வோல்ட்டை அளக்கும் மீட்டர். மெல்லிய ஒயர்களுக்கு 21 வாட் லாம்ப். இரண்டும் இல்லாத இடத்தில் ஜம்பர் கேபிள். செல்ஃபின் இரு போல்ட்டுகளையும் திருப்புளியால் சேர்த்துத் தொடும் பழக்கத்தை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன். கியரில் இருந்தால் வண்டி ஆள்மேல் பாயும். தீப்பொறி பறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பேட்டரி வாயு இருக்கும்.

பட்டையைக் கழற்றியபோது வெளிப்பார்வைக்குச் செம்பு நன்றாகத்தான் இருந்தது. முனையில் அடித்திருந்த வளையத்துக்குள் பச்சைப் பொடி மட்டும் உதிர்ந்தது. பாடியில் போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்ட்டையும் துருவையும் சுரண்டி, புதிய பட்டை போட்டு, மேலே வாசலின் தடவினேன். மறுபடி அளந்தபோது 0.12 வோல்ட்.